வளராத இடத்தின் அளவு

பேயை மிரட்டுமா என்று நான் சோதிக்கவில்லை.
அதற்குத் தட்டும் இல்லை, அளவுகோலும் இல்லை.

தருமபுரி அரசு மருத்துவமனையின் பின்சுவர் ஓரம்
கழிவுநீர்த் தொட்டிக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவே
இடுப்புயரம் நின்றது பேய்மிரட்டி.
ஆடு ஒரு வாய் கடித்துத் துப்பியிருந்த இலைகள்.
ஊதாப் பூவின் கீழுதட்டில் ஓர் எறும்பு.
சிமெண்ட் சாக்கில் மூன்று கிலோ பறித்தேன்.
"எதுக்கு கண்ணு, மாட்டுக்கா?" என்றார் வாட்ச்மேன்.
"எண்ணெய்க்கு."
"எவ்ளோ வரும்?"
சொல்ல வெட்கமாக இருந்தது.

நான்கு மணி நேரம்
கொதிநீரின் ஆவி இலைக்குள் நுழைந்து
இலை ஒளித்து வைத்ததைக் கைபிடித்து அழைத்து வந்தது.
இரண்டு முறை கரண்ட் போனது.
குளிர்குழாய்க்கு வாளி வாளியாய்
லாரித் தண்ணீர் சுமந்தார் முனிரத்தினம் அண்ணன்.
கடைசியில் கண்ணாடிக் குழலின் கழுத்தில்
மஞ்சளாய் ஒரு கோடு,
கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைவிடக் குறைவு.
ஆனால் அறை முழுதும் அதுதான்.
என் துப்பட்டாவில், மதியச் சோற்றில்,
பென்னாகரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பும் வரை.

இனி கிருமி.
ஐஸ் பெட்டியில் வந்தது, அதே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.
ஆண், 52, செங்கல் சூளை, சர்க்கரை, இடதுகால் பெருவிரல்.
பெயர் தரமாட்டார்கள். தரவும் கூடாது.
த-41 என்று எழுதி ஒட்டினேன்.
சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்
திராட்சைக் கொத்து,
பேய்மிரட்டிப் பூவின் அதே ஊதா.
அழகாகத்தான் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

கடற்பாசிக் கூழ் இறுகிய தட்டில்
பஞ்சுக் குச்சியால் அதை விதைத்தேன்,
நெடுக்கே, குறுக்கே, மறுபடி சாய்வாக,
இண்டு இடுக்கு விடாமல்.
நடுவே ஸ்டிக்கர் பொட்டளவு காகிதம்.
அதன் மேல் எண்ணெய்.
மூடிக் கவிழ்த்து, முப்பத்தேழு டிகிரியில்
அதன் இரவை அதனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அப்பா,
"ஒண்ணரை ஏக்கர் கொள்ளு. ஒரு பச்சை தலை தூக்கல"
என்றார், டிவியைப் பார்த்துக்கொண்டே.

காலையில் தட்டெங்கும் வெண்மஞ்சள் விளைச்சல்.
பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றுமில்லை.
தெளிந்த வட்டம், அதன் வழியே மேசையின் கீறல் தெரிந்தது.
ஸ்கேலை வைத்தேன்: பதினான்கு மில்லிமீட்டர்.
கத்த வேண்டும் போலிருந்தது.

எங்கள் பக்கம்
ஒன்றும் முளைக்காத நிலத்தைப் பார்க்க வி.ஏ.ஓ. வருவார்.
வரப்பில் தலை குனிந்து நிற்போம்.
இங்கே ஒன்றும் முளைக்காத இடத்தை
நான் சிரித்துக்கொண்டே அளக்கிறேன்,
விட்டம் குறைந்துவிடக் கூடாதே என்று.

பக்கத்துத் தட்டில், வேறொரு புண்ணின் பச்சைக் கிருமி
பொட்டின் விளிம்புவரை வந்து மொய்த்திருந்தது.
எண்ணெயை அது மதிக்கவே இல்லை.
"மிதமான செயல்திறன்னு போட்டுக்கலாமே" என்றார் ராஜசெல்வி மேடம்.
பூஜ்ஜியம் என்று எழுதினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி,
கையெழுத்துப் போட்டார்.

எதையும் மூன்று முறை செய்ய வேண்டும்.
இன்னொரு மாதிரி கேட்டு வார்டுக்குப் போன் போட்டேன்.
"எந்தப் பேஷண்ட்? சூளைக்காரரா?
அந்த விரலை வெள்ளிக்கிழமையே எடுத்தாச்சும்மா."

விரல் இல்லை.
பஞ்சடைத்த குழாயில், சாய்ந்த கூழின் மேல், நான்கு டிகிரியில்
அந்த விரலின் புண் மட்டும் என்னிடம் உயிரோடிருக்கிறது.
மாதம் ஒருமுறை புதுக்கூழுக்கு மாற்றி
வாடாமல் பார்த்துக்கொள்கிறேன்.
அதன் பக்கத்திலேயே பழுப்புக் குப்பியில் எண்ணெய்,
எவ்வளவு இறுக்கி மூடினாலும்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கிளம்பிப் போய்க்கொண்டு.

நேற்று அந்தச் சுவரோரம் போனேன்.
பறித்த இடமெல்லாம் தழைத்திருக்கிறது
இத்தனை நாள் மழையே இல்லாமல்.
தொட்டி எங்கோ கசிகிறது.